ஸ்டீராய்டு குறையும்போது மூட்டு ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வாயிலும் முதுகிலும் கொப்புளங்கள் வந்து, அது பெம்ஃபிகஸ் என்று சொன்னார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 60 மி.கி. அளவில் தொடங்கி, கூடவே நோய் எதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரினும் கொடுத்தார்கள். புதுக் கொப்புளம் வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, ஐந்து வாரங்களுக்கு முன் 10 மி.கி.யிலிருந்து 7.5-க்கு வந்தேன். சில நாட்களிலேயே முழங்கால், மணிக்கட்டு, தோள், விரல் என எல்லா மூட்டும் வலித்தது. மெல்லக் குறைந்து வந்த நேரத்தில், பத்து நாட்களுக்கு முன் 5 மி.கி.க்கு இறக்கினார்கள், வலி முன்னைவிட மோசமாகத் திரும்பிவிட்டது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், யூரிக் அமிலம், எக்ஸ்ரே எல்லாம் சரியாக இருக்கின்றன. ‘ஒன்றுமில்லை, வயதுதான்’ என்கிறார் ஊர் மருத்துவர். தாங்க முடியாத இரண்டு நாட்களில் பழைய 10 மி.கி. மாத்திரை ஒன்றைக் கூடுதலாகப் போட்டேன். மாலைக்குள் வலி பறந்துவிட்டது. இது புது நோயா? ‘அந்த விஷத்தை இன்றோடு நிறுத்து’ என்கிறார்கள் வீட்டில். நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தக் கூடாது. வலி எவ்வளவு வாட்டினாலும், வீட்டில் எவ்வளவு அக்கறையோடு வற்புறுத்தினாலும், மூன்று ஆண்டுகளாக அன்றாடம் ஸ்டீராய்டு பெற்றுவந்த உடலிலிருந்து அதை ஒரே நாளில் பறிப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் மூட்டு வலிக்கான காரணத்தில் பெரும்பகுதியும் புரிந்துவிடும் என்பதால் அதையே முதலில் விளக்குகிறேன்.

நம் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனை நாள்தோறும், குறிப்பாக விடியற்காலையில், சுரக்கின்றன. நீங்கள் விழுங்கும் பிரெட்னிசோலோன் அதே ஹார்மோனின் வேலையைச் செய்யும் செயற்கை வடிவம். ஆரோக்கியமான ஒருவரின் உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசால், ஏறத்தாழ 4 முதல் 6 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். நீங்கள் தொடங்கியதோ 60 மி.கி. வெளியிலிருந்து இவ்வளவு வந்து சேரும்போது, மூளையின் ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் அட்ரீனலுக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை நிறுத்திவிடுகின்றன; கட்டளை வராத சுரப்பி, மாவுக்கட்டுக்குள் பல மாதம் இருந்த கை போல, மெலிந்து வலுவிழந்துவிடுகிறது. கட்டைப் பிரித்த அன்றே அந்தக் கையால் குடம் தூக்க முடியாது. அட்ரீனலும் அப்படித்தான், அது முழுதாகத் தன் வேலையை மீண்டும் ஏற்க மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும்.

60-லிருந்து 10 வரை இறங்கியபோது உங்களுக்குப் பெரிய தொல்லை எதுவும் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அது இயல்பே. அந்தத் தொலைவு முழுவதும் உடலின் அன்றாடத் தேவையைவிட அதிகமான ஸ்டீராய்டு உங்களிடம் இருந்தது. 7.5-க்கும் 5-க்கும் வரும்போதுதான், உடல் தானே சுரக்க வேண்டிய எல்லைக்குள் நீங்கள் நுழைகிறீர்கள். கணக்கையும் பாருங்கள்: 60-லிருந்து 50-க்கு இறங்கினால் குறைவது ஆறில் ஒரு பங்கு, 10-லிருந்து 7.5-க்கு இறங்கினால் நான்கில் ஒரு பங்கு, 7.5-லிருந்து 5-க்கு இறங்கினால் மூன்றில் ஒரு பங்கு. மாத்திரையின் அளவில் 2.5 மி.கி. என்பது சிறியதாகத் தோன்றினாலும், கடைசிக் கட்டத்தில் உடலுக்கு அதுவே மிகப் பெரிய படி. அந்தப் படியை ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள்.

இப்படி இறங்கும்போது ஏற்படும் மூட்டு வலி, தசை வலி, சோர்வு, பசியின்மை, தூக்கக் குலைவு, காரணமில்லாத மன வாட்டம் ஆகியவை மருத்துவத்துக்கு நெடுங்காலமாகத் தெரிந்தவை. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் முடக்குவாதத்தால் (மூட்டுகள் வீங்கி முடங்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) படுத்திருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். அந்த ஆய்வுக்காக 1950-ல் ஹென்ச்சும், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோரும் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தைக் குறைக்கும்போது நோயாளிகள் உடம்பெல்லாம் வலிப்பதாகச் சொல்வதை, ஹென்ச்சுடன் பணியாற்றிய சார்லஸ் ஸ்லோகம்ப் 1950-களிலேயே பதிவு செய்தார். பழைய நோய் திரும்பாதபோதும், மூட்டில் வீக்கம் இல்லாதபோதும், ஸ்டீராய்டின் அளவு குறைவதாலேயே இந்த வலி வரும். இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருப்பவர்களுக்குக்கூட வருவதுண்டு; மிகுதிக்குப் பழகிப்போன உடல், இயல்பான அளவையே பற்றாக்குறையாக உணர்கிறது.

உங்கள் வலியும் பெரும்பாலும் இதுவே என்று நினைக்கிறேன். அளவைக் குறைத்த சில நாட்களில் தொடங்கியது, ஒரே மூட்டில் நிற்காமல் பல மூட்டுகளிலும் இரு பக்கமும் பரவியது, அதே அளவில் நீடித்தபோது வாரங்கள் செல்லச் செல்லத் தணிந்தது, அடுத்த படி இறங்கியதும் மறுபடி எழுந்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, ஸ்டீராய்டு விலகும்போது வரும் வலியின் வரிசையோடு பொருந்துகிறது. இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் ஹார்மோன் மாற்றமும் மூட்டு வலி தரும் என்பது உண்மைதான். ஆனாலும், மாத்திரை குறைந்த நாளோடு இவ்வளவு நெருக்கமாக ஒட்டி வரும் வலியை ‘வயதுதான்’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட முடியாது. பரிசோதனைத் தாள் சரியாக இருப்பதால் உங்கள் வலி பொய்யாகிவிடவும் இல்லை. ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் உடலில் அழற்சி இருந்தால் உயர்பவை. இந்த வலி அவற்றை உயர்த்தாமலே வரக்கூடியது.

அதே தாள்களை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 5 மி.கி. ஸ்டீராய்டும் அழற்சியை ஓரளவு அடக்கும். மூன்று ஆண்டுகளாக அதன் அடியில் மறைந்திருந்த ஒரு முடக்குவாதம், அளவு குறையும்போது தலைகாட்டலாம். முடக்குவாதம் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் இருக்காது. எனவே தாளைவிட உங்கள் கை சொல்வதைக் கவனியுங்கள். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா? மோதிரம் கழல மறுக்கும் அளவுக்கு விரல் கணுக்கள் கண்ணுக்குத் தெரிய வீங்குகின்றனவா? ஒருவர் கை குலுக்கினால் விரல்களின் அடி மூட்டு வலியால் துடிக்கிறதா? இவை இருந்தால் மூட்டுவாத நோய் மருத்துவரிடம் சென்று முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சி.சி.பி. இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மூட்டுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுத்துப் பார்ப்பது நல்லது. இந்த மூன்றும் இல்லையென்றால் என் முதல் கருத்து இன்னும் உறுதியாகிறது.

கூடுதல் மாத்திரை போட்டதும் வலி மறைந்ததை ஒரு சான்றாக எழுதியிருக்கிறீர்கள். அது எதையும் உறுதிப்படுத்தாது. விலகல் வலி, முடக்குவாதம், யூரிக் அமில வாதம், சிக்குன்குன்யாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி என எதுவானாலும் ஸ்டீராய்டு சில மணி நேரத்தில் ஆறுதல் தரும். கிருமியால் வந்த வீக்கத்தைக்கூட அது தற்காலிகமாக மறைத்துவிடும். அதனால்தான் இந்த மருந்து இவ்வளவு வரவேற்பையும் இவ்வளவு கேட்டையும் ஒருங்கே கொண்டிருக்கிறது. இரண்டு நாள் போட்டதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதை உங்கள் தோல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; நீங்கள் உண்மையில் எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் அவரால் அடுத்த படியைத் தீர்மானிக்க முடியாது. வலிக்கிற நாளில் ஏற்றி, வலிக்காத நாளில் இறக்கினால், தூங்கும் சுரப்பி விழித்துக்கொள்ளத் தேவையான சீரான சூழல் அதற்குக் கிடைக்காது.

அப்படியானால் என்ன செய்வது? ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் கழகமும் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டியும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய வலி கடுமையாக இருந்தால், கடைசியாகத் தாங்க முடிந்த அளவுக்குத் தற்காலிகமாகத் திரும்பி, அங்கிருந்து இன்னும் நிதானமாக இறங்கலாம் என்கிறது. உங்களைப் பொறுத்தவரை அந்த அளவு 7.5 மி.கி.யாக இருக்கக்கூடும். அதில் சில வாரம் நின்று, பிறகு மாதத்துக்கு 1 மி.கி. வீதம் குறைக்கலாமா என்று உங்கள் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு அவருடையது, பெம்ஃபிகஸ் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அவருக்கே தெரியும். ஒரு படி மேலே திரும்புவதைத் தோல்வியாக எண்ணி அழுத ஒரு நோயாளியை எனக்குத் தெரியும். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மூன்றாண்டு ஏறிய மருந்தை இறக்க ஆறு மாதம் கூடுதலாவது மருத்துவக் கணக்கில் இழப்பே இல்லை.

1 மி.கி. வீதம் குறைப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நம் ஊர் மருந்துக் கடைகளில் 5, 10 மி.கி. மாத்திரைகள் கிடைப்பது போல 1 மி.கி., 2.5 மி.கி. மாத்திரைகள் எளிதாகக் கிடைப்பதில்லை. மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால் சிறிய அளவு மாத்திரையை வரவழைக்க ஏற்பாடு செய்வார், அல்லது ஒரு நாள் 7.5, மறுநாள் 5 என்று மாற்றி மாற்றி எடுத்து இடைப்பட்ட அளவை எட்டும்படி எழுதித் தருவார். கடைக்காரர் ‘அது இல்லை, இதுவும் அதேதான்’ என்று வேறு ஸ்டீராய்டைக் கொடுத்தால் வாங்கிவிடாதீர்கள். 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமமானது மெத்தில்பிரெட்னிசோலோனில் 4 மி.கி., டெஃப்லாசகார்ட்டில் 6 மி.கி., டெக்சாமெத்தசோனிலோ 0.75 மி.கி. மட்டுமே. பெயர் தெரியாமல் மாற்றினால், நீங்கள் குறைப்பதாக நினைத்துக்கொண்டே ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். மாத்திரையை மொத்தமாகக் காலையிலேயே, ஏதாவது சாப்பிட்டபின், எடுங்கள். மாலையில் எடுத்தால் விடியற்காலையில் சுரப்பி விழிப்பதை அது தடுக்கும், உங்கள் தூக்கத்தையும் கெடுக்கும்.

இனி, நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி. ‘மாத்திரை குறைவதால்தான் வலிக்கிறது’ என்ற விளக்கம் கிடைத்துவிட்டால், அதன்பின் வரும் எல்லா வலியையும் அதன் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து நோயாளிக்கும் உண்டு, மருத்துவருக்கும் உண்டு. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு வரும் சில வலிகளை ஒரு நாளும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தொடை இடுக்கில், நடக்கும்போதும் காலை ஊன்றும்போதும் குத்தும் வலி வந்தால் அது இடுப்பு மூட்டுப் பந்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு மடிவதன் தொடக்கமாக இருக்கலாம். ஏ.வி.என். என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அதிக அளவு ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, மருந்து குறைந்து மாதங்கள் ஆனபின்கூட இது வெளிப்படும். இடுப்பு மூட்டின் வலி சில நேரம் முழங்காலில் உணரப்படும் என்பதால், முழங்கால் எக்ஸ்ரே எடுத்துச் ‘சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. தொடக்க நிலையில் இடுப்பின் எக்ஸ்ரேயிலும் இது தெரியாது; எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். சம்மணமிட்டு உட்காரும்போதோ காலை உள்பக்கம் திருப்பும்போதோ இடுக்கில் வலித்தால், செலவைப் பார்க்காமல் அந்த ஸ்கேனைக் கேட்டு எடுங்கள். பந்து நொறுங்கும் முன் கண்டுபிடித்தால் மூட்டு மாற்று அறுவையைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ வழி இருக்கிறது.

ஒரே ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, அசைக்கவே முடியாமல் போனால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஸ்டீராய்டும் அசதயோப்ரினும் எடுப்பவருக்குக் காய்ச்சல் இல்லாமலும் மூட்டுக்குள் சீழ் பிடிக்கும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதிக்காமல், வலி மாத்திரை போட்டுச் சமாளிப்பது அந்த மூட்டையே இழக்கச் செய்துவிடும். மாலை நேரக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்து, ஒரு மூட்டோ முதுகெலும்போ வாரக்கணக்கில் வலித்தால் காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குடம் தூக்கியபோதோ இருமியபோதோ நடு முதுகில் சுரீரென்று வலி பிடித்தால், ஸ்டீராய்டால் வலுவிழந்த முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். சில நாட்களாகச் சிப்ரோஃப்ளாக்சசினோ லீவோஃப்ளாக்சசினோ எடுத்திருந்து, குதிகாலுக்கு மேல் வலித்தால், அந்த மருந்தும் ஸ்டீராய்டும் சேர்ந்து தசைநாரைப் பாதித்திருக்க வாய்ப்புண்டு. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் அவை நம் ஊரில் தாராளமாகத் தரப்படுவதால் இதைச் சொல்கிறேன்.

வலியைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அட்ரீனல் இன்னும் முழுமையாக விழிக்காத நிலையில் காய்ச்சலோ, விபத்தோ, அறுவைச் சிகிச்சையோ வந்தால் உடலுக்குத் தேவையான கூடுதல் கார்டிசால் கிடைக்காது. எழுந்து நின்றால் தலைசுற்றல், ஓயாத குமட்டல், எடை குறைதல், படுக்கையை விட்டு எழவே முடியாத அசதி ஆகியவை பற்றாக்குறையின் அறிகுறிகள். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றாலோ, மயக்கமும் குழப்பமும் வந்தாலோ அது அவசர நிலை. ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி உடனடியாகத் தேவைப்படும். காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை, எத்தனை நாள் கூட்டி எடுக்க வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘மூன்று ஆண்டுகளாக ஸ்டீராய்டு எடுப்பவர், திடீரென நிறுத்தக் கூடாது’ என்று ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் உங்கள் மேல் உள்ள அன்பால்தான் ‘நிறுத்து’ என்கிறார்கள், திடீரென நிறுத்துவதன் விளைவை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வலியைத் தாங்க என்ன எடுக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்லீரல் நலமாக இருந்தால் பாராசிட்டமால் 650 மி.கி. மாத்திரையை ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில் எடுக்கலாம். ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். அசதயோப்ரினுக்காக நீங்கள் வழக்கமாகச் செய்யும் கல்லீரல், இரத்த அணுப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவை ஸ்டீராய்டோடு சேரும்போது இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும் வரும் அபாயம் கூடுகிறது. மருத்துவர் எழுதினால் தவிர வேண்டாம். மருந்துக் கடையில் நான்கைந்து மாத்திரைகளைக் கலந்து பொட்டலமாகத் தரும் ‘உடம்பு வலி’ மருந்தையும், பெயரும் சேர்மானமும் இல்லாமல் விற்கும் மூட்டு வலிப் பொடிகளையும் தொடவே தொடாதீர்கள். அவற்றில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டே கலந்திருப்பது பல முறை கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரே வாரத்தில் வலி பறந்துவிட்டது என்று யாராவது ஒரு பொடியைப் புகழ்ந்தால், அந்த வேகமே சந்தேகத்துக்குக் காரணமாக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, அசதயோப்ரின் எடுக்கும் உங்களுக்கென்றே. மூட்டு வலி என்றதும் யூரிக் அமிலம் என்று கருதி அலோபியூரினாலோ ஃபெபுக்சோஸ்டாட்டோ எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அசதயோப்ரின் உடலில் சிதைந்து வெளியேறும் பாதையை இந்த மருந்துகள் அடைத்துவிடும். எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையும். உங்கள் யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. எந்தப் புது மருத்துவரைப் பார்த்தாலும் அசதயோப்ரின் எடுப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஸ்டீராய்டால் ஏறிய சர்க்கரைக்காக மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், ஸ்டீராய்டு குறையக் குறைய அவற்றின் அளவையும் குறைக்க வேண்டிவரும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சர்க்கரையைச் சோதியுங்கள்.

மருந்தில்லாத உதவிகளில் வெந்நீர் ஒத்தடமும், வெதுவெதுப்பான நீரில் குளித்தபின் மூட்டுகளை மெதுவாக மடக்கி நீட்டுவதும் காலை இறுக்கத்தைத் தளர்த்தும். முழு ஓய்வு வேண்டாம். ஸ்டீராய்டு தொடைத் தசைகளையும் தோள் தசைகளையும் மெலிய வைக்கிறது. வலுவில்லாத தொடை முழங்காலின் பாரத்தைத் தாங்காது. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து அமர்வதை ஒரு வேளைக்கு ஐந்து முறை தொடங்கி, வாரா வாரம் கூட்டுங்கள். நடங்கள், மறுநாள் வலி கூடாத அளவுக்கு நடங்கள். வாயு என்று பருப்பையும் கிழங்கையும், சூடு என்று முட்டையையும் மீனையும் நீக்கச் சொல்வார்கள். தசை மீண்டும் வளரப் புரதமே மூலப்பொருள் என்பதால் பருப்பு, முட்டை, மீன், தயிர் எதையும் விடாதீர்கள். கேழ்வரகும் எள்ளும் முள்ளோடு உண்ணும் சிறு மீனும் சுண்ணாம்புச் சத்து தரும். மூன்றாண்டு ஸ்டீராய்டுக்குப் பிறகு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி பரிசோதனையும் இதுவரை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்யுங்கள். வைட்டமின் டி குறைவும் எலும்பிலும் தசையிலும் வலி தரும், அதைச் சரிசெய்வது எளிது. எலும்புக்காக வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் எடுப்பவராக இருந்தால், அதனாலும் சிலருக்கு மூட்டு வலி வருவதுண்டு என்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு நோட்டில் நாள்தோறும் மூன்று விஷயம் எழுதுங்கள்: அன்று எடுத்த அளவு, காலை இறுக்கம் நீடித்த நேரம், பத்துக்கு எத்தனை வலி. மாத்திரை குறைந்த நாளும் வலி எழுந்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ‘வயதுதான்’ என்று சொன்ன மருத்துவரும் அதைப் பார்த்ததும் யோசிப்பார். ஒரே அளவில் மூன்று நான்கு வாரம் நின்றும் வலி தணியாமல் கூடிக்கொண்டே போனால், அது வெறும் விலகல் வலி என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். மூட்டுவாத நோய் மருத்துவரைப் பாருங்கள். வாயில் புதுப் புண்ணோ உடலில் கொப்புளமோ தோன்றினால், பெம்ஃபிகஸ் திரும்புகிறதா என்று பார்க்க மூட்டு வலியைப் பொருட்படுத்தாமல் முதலில் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

5 மி.கி. அளவை வலியின்றி எட்டியபின், காலை 8 மணி வாக்கில் இரத்தத்தில் கார்டிசால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, மாத்திரையைப் பாதுகாப்பாக நிறுத்தலாம் என்பது பொதுவான கணக்கு. 5-க்குக் கீழ் இருந்தால் அதே அளவில் சில மாதம் நின்று மறுபடி பார்ப்பார்கள். இடைப்பட்டிருந்தால் பொறுமையாகத் தொடர்ந்து சோதிப்பார்கள், தேவைப்பட்டால் ஏ.சி.டி.எச். ஊசி போட்டுச் சுரப்பியைத் தூண்டியும் பார்ப்பார்கள். இரத்தம் கொடுக்கும் நாளில், முந்தைய நாள் காலை எடுத்த மாத்திரைக்குப் பிறகு 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், ஏனென்றால் இரத்தத்தில் மிச்சமிருக்கும் பிரெட்னிசோலோனையும் கார்டிசால் என்று கணக்கிடும் கருவிகள் உண்டு. ஆகவே அன்றைய மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் கொடுத்து முடித்ததும் அங்கேயே ஏதாவது சாப்பிட்டு, அதை விழுங்கிவிட்டு வீடு திரும்புங்கள்.